கவிழ்த்து வைத்த டம்ளர்

எங்கள் நைனா ஓட்டலுக்குப் போகிற ஆள். எங்கள் காலனியில் வேறு யாரையும் அப்படிச் சொல்ல முடியாது. குடிக்கிறவர்கள் இருந்தார்கள், சீட்டாடுகிறவர்கள் இருந்தார்கள், சினிமாக் கொட்டகையே கதி என்று கிடந்தவர்களும் இருந்தார்கள். அவர்களையெல்லாம் யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் கூலி கைக்கு வந்த மறுநாள் காலையில் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு உத்திரமேரூருக்குப் பஸ் ஏறிப்போய், பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஓட்டலில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிற ஆளை எதில் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் ‘ஓட்டல்காரன்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். ஊருக்குப் புதிதாக வந்த யாரோ ஒருவர் அதை நம்பி, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று டீ கேட்டாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவாள்.

“வூட்ல சோறு கீது, கொயம்பு கீது. துட்டு குட்த்துத் துன்னுட்டு வராரு பாரு, மகராசன்!”

நைனா வேட்டியை அவிழ்த்து மடித்துக் கொடியில் போட்டுவிட்டு, அழுக்கு லுங்கிக்கு மாறிக் கழனிக்குப் போய்விடுவார்.

மானாம்பதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் ஏரிக் கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் கழனி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கழனியில் வேலை செய்தவர்கள் இந்தப் பக்கம் இருந்தோம். நைனாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். அந்தப் பக்கத்தில் நேற்று அரைக்கால் சட்டை போட்ட பையன்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். “டேய், மடை தொறந்தியா?” என்பான். நைனாவும், “தொறந்துட்டங்க” என்பார். எனக்கு அது தப்பாகவே பட்டதில்லை. மழை மேலேயிருந்து பெய்கிறது என்பது போல அதுவும் ஒன்று என்று இருந்தேன்.

ஊரில் ஒரு டீக்கடை இருந்தது. பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். எங்களுக்கு அலுமினிய டம்ளர். அது கடைக்குள் இருக்காது. தட்டிக்கு வெளியே ஆணிகளில் வரிசையாக மாட்டியிருக்கும். நாங்களே எடுத்து, தொட்டித் தண்ணீரில் அலசி நீட்ட வேண்டும். கடைக்காரர் கொஞ்சம் உயரத்திலிருந்து டீயை ஊற்றுவார். குந்தி உட்கார்ந்து குடித்துவிட்டு, கழுவி, பழைய இடத்திலேயே கவிழ்த்து மாட்டிவிட்டு வரவேண்டும். யாரும் வாயைத் திறந்து சொல்லித்தந்த வழக்கமில்லை. கை தானாகச் செய்யும்.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் அந்தக் கைதான்.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது பள்ளிக்கூடத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். உத்திரமேரூர் பெண்கள் பள்ளியில்தான் படித்தேன். தினம் பஸ்ஸில் போய் வருவேன். நைனா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு தாலுக்கா ஆபீசுக்கு வந்தார். காலை ஏழு மணிக்கே போய் நின்றோம். ஆபீஸ் திறக்க மூன்று மணி நேரம் இருந்தது. நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். வருஷக்கணக்காக எதற்கோ காத்திருந்தவர் போன்ற சிரிப்பு அது.

“வா பாப்பா. நம்ம ஓட்டலுக்குப் போயி நாஷ்டா துன்னுட்டு வர்லாம்.”

நம்ம ஓட்டல்! உள்ளே நுழைந்ததும் அவர் நடையே மாறிவிட்டது. கழனி வரப்பில் ஓரமாக ஒதுங்கி நடக்கிறவர், நடுவழியில் நடந்து, விசிறிக்கு நேர் கீழே இருந்த மேசையாகப் பார்த்து உட்கார்ந்தார். தோளில் போட்டிருந்த துண்டை எடுக்கவில்லை. ஊரில் யாராவது எதிரே வந்தால் அந்தத் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். இங்கே தோளிலேயே கிடந்தது.

சர்வர் வந்தார். நைனா வயதுதான் இருக்கும். ஒல்லியான ஆள், காதில் பென்சில்.

“வாங்க சார். பாப்பா யாரு, பொண்ணா? இன்னா சார் சாப்புடுறீங்க, செட் தோசையா? வடகறி சூடா கீது.”

எங்கள் நைனாவைத்தான் சொன்னார். நான் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். நைனா சாவகாசமாக யோசித்தார். என்ன சாப்பிடப் போகிறார் என்று அவருக்கும் தெரியும், சர்வருக்கும் தெரியும். இருந்தாலும் யோசித்தார். “இட்லி எப்டி கீது இன்னிக்கி?” என்று கேட்டார். “பஞ்சு மாதிரி கீது சார்” என்றார் அவர். “செரி, செட் தோசையே குடு” என்றார் நைனா. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தோசையும் வடகறியும் இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

பக்கத்து மேசையில் என் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அம்மாவோடு பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பில் எனக்கு அடுத்து உட்காருகிறவள். என் புளிச்சோற்றில் பாதி தினம் அவளுக்குப் போகும், அவள் சப்பாத்தி எனக்கு வரும். எந்தத் தெரு என்று அவள் கேட்டபோதெல்லாம் நான் கோயில் பக்கம் என்று சொல்லி வைத்திருந்தேன். கோயில் எல்லாத் தெருவுக்கும் ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கத்தானே செய்யும். அவள் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். அவள் அம்மாவும் சிரித்தார்.

சாப்பிட்டு முடித்தோம். நைனா கை கழுவ எழுந்தார். எழுந்தபோது தண்ணீர் டம்ளரையும் கையோடு எடுத்துக்கொண்டார். குழாயடியில் கை கழுவிவிட்டு, டம்ளரை உள்ளும் வெளியும் தேய்த்துக் கழுவினார். துண்டு முனையால் துடைத்தார். கொண்டுவந்து மேசை ஓரத்தில், சுவரை ஒட்டி, கவிழ்த்து வைத்தார். என் டம்ளரையும் எடுக்கக் கை நீட்டினார்.

“ஐயோ, வெச்சிடுங்க சார். நாங்க எடுத்துக்குவோம். எப்பப் பாத்தாலும் இப்டியே பண்றீங்களே” என்றார் சர்வர். அவர் குரலில் கேலி இல்லை. நைனா கூச்சத்தோடு சிரித்தார்.

பக்கத்து மேசை அம்மாவின் சிரிப்பு மட்டும் நின்றுபோனது. அவர் அந்தக் கவிழ்ந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்க எந்த ஊரு?”

நைனா ஊர்ப் பேரைச் சொன்னார்.

“ஊர்லயா, காலனிலயா?”

“காலனிங்க” என்றார் நைனா. துண்டு தோளிலிருந்து இறங்கிவிட்டது.

அந்த அம்மா மகளைக் கையைப் பிடித்து எழுப்பினார். பூரி பாதி அப்படியே கிடந்தது. மறுநாளிலிருந்து அந்தப் பெண் மதியத்தில் வேறு இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, வையவில்லை.

எனக்கு அன்றைக்கு யார்மேல் கோபம் வந்திருக்க வேண்டும்? இப்போது கேட்டால் நீட்டி முழக்கிப் பதில் சொல்வேன். அன்றைக்கு வந்தது நைனாமேல்தான். தாலுக்கா ஆபீசில் விண்ணப்பம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு வீடுவரை வந்து, அம்மா எதிரில் கொட்டினேன்.

“ஓட்டல்ல யாரு உன்ன டம்ளர் கயுவச் சொன்னா? ஒனக்கு அங்கெல்லாம் உக்காந்து துன்னத் தெர்தா? இனிமே நீ ஓட்டலுக்குப் போனேன்னா, நான் இஸ்கோலுக்குப் போமாட்டேன். சத்தியமா போமாட்டேன்.”

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். இத்தனை வருஷம் கத்தியும் ஆகாத காரியத்துக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது. “அப்டிக் கேளுடி” என்றாள். நைனா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சான்றிதழ் விண்ணப்ப ரசீதை நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

“செரி, நான் போவல. நீ இஸ்கோலுக்குப் போ” என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஓட்டலுக்குப் போகவில்லை. நான் போட்ட சபதம் எனக்கு ஒருநாள் நினைவிருந்தால் அதிகம். அவர் அதை ஏழெட்டு வருஷம் காப்பாற்றினார். வேட்டி பெட்டிக்குள் போய்விட்டது. உத்திரமேரூருக்கு உரம் வாங்கப் போனாலும் பட்டினியாகத் திரும்பி வந்து, மத்தியானம் மூன்று மணிக்குப் பழைய சோற்றைப் பிழிந்து சாப்பிடுவார். நான் அதைப் பார்த்துக்கொண்டே படித்தேன். காஞ்சிபுரத்தில் கல்லூரி முடித்தேன். பெருமைக்குரிய மகள் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

படித்து முடித்ததும் வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பு ஒன்றில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். அரிசிக்கு என்ன, மருந்துக்கு என்ன, துணிக்கு என்ன என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. அதில் ஒரு கட்டம், ‘ஓட்டல், உணவகங்களில் சாப்பிட்ட செலவு’. பக்கத்திலேயே ‘காரணம்’ என்று இன்னொரு கட்டம். பயணம், வேலை, பொழுதுபோக்கு, பிற. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அந்த இடம் வந்ததும் பேனாவை ஆட்டினார். “கூலி வேலை செய்யற வீட்ல இதக் கேட்டு நேரத்த வேஸ்ட் பண்ணாதீங்க. ஒரு கோடு போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க” என்றார்.

நான் கோடு போடவில்லை, கேட்டேன். ஒரு பெண் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவமான அன்று இரண்டு இட்லி வாங்கியதைச் சொன்னாள். சட்னியின் நிறம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. இன்னொருவர் மாட்டை விற்ற அன்று பிள்ளைகளுக்குப் பரோட்டா பார்சல் வாங்கி வந்திருந்தார். ஒரு வயதானவர், “ஓட்டலா? நம்பளயெல்லாம் உள்ள வுடுவாங்களா?” என்று உண்மையாகவே என்னிடம் கேட்டார். எழுபது வயதுவரை அவர் முயன்று பார்த்ததே இல்லை. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஒருநாள் சாயங்காலம் வீட்டில் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து எதிரில் குந்தினார்.

“எங்கள ஒண்ணும் கேக்க மாட்டியா? நாங்களும் வூடுதான?” என்றார்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். அரிசி, மண்ணெண்ணெய், பீடி என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அந்தக் கட்டம் வந்தது. வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

“ஓட்டல்ல சாப்ட செலவு?”

“ஒண்ணும் இல்லன்னு எய்திக்கோ. அதான் நீ நிறுத்திட்டியே” என்றார்.

குத்திக்காட்டவில்லை. மழை இல்லை என்று சொல்வது போலத்தான் சொன்னார். பேனாவைக் கீழே வைத்தேன்.

“ஏன் நைனா போவ அங்க? அவ்ளோ ருசியா அந்த வடகறி?”

அவர் கொஞ்ச நேரம் காலடி மண்ணைக் கிளறினார்.

“வடகறி ஒங்கம்மாவே நல்லாத்தான் செய்வா. அந்த சர்வரு கீறாரு பாரு, அவுரு சார்னு கூப்புடுவாரு. வாங்கன்னுவாரு. எனக்கு வேற யாரும் அப்டிச் சொல்ல மாட்டாங்களே, பாப்பா. அதக் கேக்கத்தான் போவேன். சும்மா போயி நின்னா சொல்லுவாங்களா? அதான் துன்றது.”

இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, அதிகமாகப் பேசிவிட்டோமோ என்பதுபோல எழுந்து போய்விட்டார். நான் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அடுப்படியிலிருந்து அம்மா, “இன்னாடி ஆச்சி?” என்றாள். புகை என்றேன். புகை அவள் பக்கம்தான் இருந்தது.

முதல் சம்பளம் வந்ததும் நைனாவைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனேன். உத்திரமேரூர் ஓட்டலுக்கே போயிருக்கலாம். அறிவு அப்படிப் போகவில்லை. பெரிய ஊரில், புதிதாகத் திறந்த, கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டலில் அவரை உட்கார வைத்துச் சாப்பிடச் செய்து, பழைய பாவத்தை ஒரே நாளில் கழுவிவிடலாம் என்று எனக்கு ஆசை. நைனா பெட்டியிலிருந்து வேட்டியை எடுத்தார். மடித்த இடத்தில் மஞ்சள் கோடு விழுந்திருந்தது. “தெர்தா?” என்று கேட்டார். தெரியவில்லை என்று பொய் சொன்னேன்.

உள்ளே போனதும் நைனா உட்கார இடம் தேடினார். நாற்காலியே இல்லை. மார்பு உயரத்துக்கு வட்ட மேசைகள், அதைச் சுற்றி நின்றபடி ஆட்கள். வாசலில் பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். பணம் வாங்கியவர் தலையைத் தூக்காமல் “அடுத்து” என்றார். டோக்கனை நீட்டினால் ஒரு ஜன்னல் வழியாகத் தட்டு வந்தது. அதை நைனா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, யார் மேலும் பட்டுவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து ஓரத்து மேசைக்கு வந்தார். தண்ணீர் ஒரு மூலையில் இருந்தது. நாமே போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட தட்டையும் டம்ளரையும் நாமே எடுத்துப்போய்த் தொட்டியில் போடச் சொல்லிச் சுவரில் எழுதியிருந்தது.

அவருக்குப் படிக்கத் தெரியாது. மற்றவர்கள் செய்வதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இது நம்ம ஊரு டீக்கட மாதிரியே கீது பாப்பா” என்றார். “ஆனா இங்க எல்லாருக்கும் அதேதான். அது வரைக்கும் பரவால்ல.”

வாங்க என்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாத இடத்துக்கு, அந்த ஒரு வார்த்தைக்காகக் கூலியைக் கொட்டியவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், உத்திரமேரூர் நெருங்கும்போது மெதுவாகக் கேட்டார்.

“எறங்கி அந்தப் பழய ஓட்டல்ல ஒரு காப்பி குட்ச்சிட்டுப் போலாமா? நீ கோச்சிக்க மாட்டியே?”

பழைய ஓட்டலைச் சொன்னார். ‘கோச்சிக்க மாட்டியே’ என்றாரே, அந்த இடத்தில் நான் எழுந்து வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் கொடுக்க வேண்டிய படிவங்கள் ஒரு கட்டு பாக்கி இருந்தது. எங்கள் ஊர்வரை போகிற அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்துத்தான்.

“அடுத்த வாரம் போலாம் நைனா. கண்டிப்பா” என்றேன்.

“செரி” என்றார்.

அடுத்த வாரம் வேலை. அதற்கடுத்த வாரமும் வேலை. பிறகு அவருக்குக் கண் மஞ்சளாக ஆரம்பித்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு, தாமதமாகத்தான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பதினோரு நாள் இருந்தார். கஞ்சி தவிர வேறு எதுவும் கொடுக்கக்கூடாது என்றார்கள். ஒவ்வொரு வேளையும் கஞ்சி குடித்த டம்ளரை, கையில் ஊசி குத்தியிருந்த நிலையிலும், கழுவித்தர எழப்பார்ப்பார். நான் பிடுங்கிக்கொள்வேன். கடைசி இரண்டு நாள் எழப்பார்க்கவில்லை.

கருமாதி முடிந்த மறுவாரம் வாரிசுச் சான்றுக்காக உத்திரமேரூர் தாலுக்கா ஆபீசுக்குத் தனியாகப் போனேன். அதே வாசல்தான், அன்றைக்கும் சீக்கிரமே போய்விட்டேன். கால்கள் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தன.

ஓட்டல் இருந்தது. விசிறி மாறியிருந்தது, மேசை மாறவில்லை. சர்வரும் அவரேதான். பென்சில் இருந்த காதில் இப்போது நரைமுடி. “வாங்க மேடம்” என்றார். விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, செட் தோசையும் வடகறியும் கேட்டேன். சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று எனக்குத் தெரியாது.

எழுந்தபோது டம்ளரை எடுத்துக்கொண்டேன். குழாயடியில் உள்ளும் வெளியும் தேய்த்துக் கழுவினேன். புடவைத் தலைப்பால் துடைத்தேன். கொண்டுவந்து மேசை ஓரத்தில், சுவரை ஒட்டிக் கவிழ்த்து வைத்தேன். எத்தனை பேர் பார்த்தார்களோ, பார்க்கட்டும் என்றிருந்தது.

சர்வர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“முன்ன ஒரு சார் வருவாரு மேடம். அவுரும் இப்டித்தான், டம்ளர் கயுவிக் கவுத்து வெச்சிட்டுத்தான் போவாரு. எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டாரு. ஒரு தபா பொண்ண இட்டுனு வந்தாரு, அப்பால வரவே இல்ல. நாங்க ஏதும் தப்பா பேசிட்டமோன்னு நெனச்சிக்கினே இருந்தேன்.”

“இல்லீங்க. நீங்க ஒண்ணும் தப்பா பேசல” என்றேன். “அது எங்க நைனா.”

“அட! அந்தப் பாப்பாவா?” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “சார் நல்லா கீறாரா?”

நைனா செத்துப்போனதற்கான சான்று என் பையில் இருந்தது. ஊரில் சாவுச் செய்தி சொன்ன ஆள்கூட அவரை அவன் இவன் என்றுதான் சொல்லியிருந்தான். உலகத்தில் அவர் சாராக இருந்த இடம் இது ஒன்றுதான். இங்கேயும் அவரைச் சாகடிக்க எனக்கு மனசு வரவில்லை.

“நல்லா கீறாரு” என்றேன்.

“வரச் சொல்லுங்க மேடம். நான் கேட்டேன்னு சொல்லுங்க.”

சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு, தாலுக்கா ஆபீஸ் வரிசையில் போய் நின்றேன்.